ஊசியும் உரிமையும்

(கமக்காரர் சங்கக் கூட்டமொன்றிற் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும்படி பெற்றோரைச் சட்டத்தால் வற்புறுத்தலாமா என்பதுபற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இது வைத்தியர் பேசவேண்டிய விடயமன்றோ என்று சிலர் எண்ணலாம். ஊசியின் பயனைப்பற்றி வைத்தியரே பேசவேண்டும். அப்பயனில் எனக்கு ஐயம் எதுவுமில்லை. ஆனால் வற்புறுத்தல் என்ற சொல் வந்தவுடனே அது சட்டத்தரணியின் விடயமுமாகி விடுகின்றது.

கமக்காரராகிய உங்களுக்கு இதன் அடிப்படையை நான் விளக்கவேண்டியதில்லை. மாரியிற் குளக்கட்டு கசிகின்றது. விதானையார் ஊரை அழைக்கின்றார். "என் காணி மேட்டில் இருக்கின்றது, நான் மண்வெட்டி எடுக்கமாட்டேன்" என்று ஒருவன் சொன்னால் ஊர் அவனைச் சும்மா விடுமா? சின்னமுத்தும் அத்தகையதே. தடுப்பாற்றல் இல்லாதோர் நடுவே ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்கு அது தொற்றக்கூடும். நூற்றுக்கு 95 பேரளவில் ஊசி போட்டுக்கொண்டாற்றான் எஞ்சிய ஐவருக்கும் காவல் கிடைக்கும். அந்த ஐவருள் ஊசிக்குரிய வயது வராத கைக்குழந்தையும் உண்டு. இரத்தப் புற்றுநோயால் அந்த ஊசியை ஏற்கவியலாத சிறுவனும் உண்டு. ஆகவே, மறுக்கின்ற தகப்பன் தன் வீட்டுக்கு மட்டும் தீர்ப்பு எழுதவில்லை. தன் பிள்ளையைப் பற்றியும் அவன் முழு அதிகாரி அல்லன்; பிள்ளை அவனுடைய ஆதனம் அன்று.

இவையெல்லாம் அரசின் பக்கத்து வாதங்கள். மறுபக்கத்தை அறிய வேண்டுமானால் இங்கிலாந்தின் கதையைக் கேட்கவேண்டும்.

அங்கே 1853ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தை பிறந்து மூன்று மாதத்துக்குள் அம்மை குத்தவேண்டும் என்று விதித்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டமோ, பிள்ளைக்கு 14 வயதாகும்வரை தகப்பனை மீண்டும் மீண்டும் தண்டிக்க வழிசெய்தது. பணம் படைத்தவன் தண்டப்பணத்தை வீசிவிட்டுப் போனான். தொழிலாளியின் வீட்டுத் தளபாடம் ஏலத்துக்குப் போயிற்று. அதுவும் இல்லாதவன் சிறைக்குப் போனான். வசதியுள்ளவன் தன் வைத்தியரை வீட்டுக்கு அழைத்தான். ஏழைத் தாயோ பிள்ளையைப் பொது நிலையத்துக்குத் தூக்கிச்சென்றாள். ஒரு வாரத்தின் பின் மறுபடியும் கொண்டுபோகவேண்டும். அப்பிள்ளையின் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த பிள்ளையின் கையில் ஏற்றுவார்கள். இம்முறையால் மேகநோய் தொற்றிய சம்பவங்களும் உண்டு. 1885ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லெஸ்டர் நகரிற் பல்லாயிரவர் திரண்டு, குழந்தைச் சவப்பெட்டி ஒன்றைத் தாங்கி ஊர்வலம் போனது இந்தச் சட்டத்துக்கு எதிராகத்தான்.

அவர்களை அறிவீனர் என்று தள்ளிவிடுவது எளிது. அம்மை குத்துதலின் பயனைப்பற்றி அவர்களுட் பலர் தவறான கருத்தே கொண்டிருந்தனர். அதே முறையாலேதான் பெரியம்மை உலகத்திலிருந்து ஒழிந்தது என்பதை 1980ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பிரகடனம் செய்தது. ஆனால் ஏழையின் கட்டிலை ஏலம் கூறுகின்ற சட்டத்தைப்பற்றி அவர்கள் சொன்னது தவறன்று. 1889இல் அமைந்த அரச ஆணைக்குழு ஏழு ஆண்டுகள் விசாரித்தது. 1898இல், மனச்சாட்சியின்படி மறுப்போருக்குச் சட்டம் விலக்களித்தது. அவ்விலக்கும் நீதவான்களைத் திருப்திப்படுத்தினாலே கிடைக்கும். ஒருவனுடைய மனச்சாட்சியை நீதவான் எந்தத் தராசில் நிறுப்பாரோ, நான் அறியேன்! அக்குறையை 1907ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்துடன் கட்டாயமே முடிவுற்றது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிஜ் நகரிற் பெரியம்மை பரவியபோது, ஜேக்கப்சன் என்ற போதகர் அம்மை குத்த மறுத்தார். ஐந்து டொலர் தண்டம். அவர் உயர் நீதிமன்றம்வரை போனார். 1905இல் ஏழு நீதியரசர்கள் அவருக்கு எதிராகவும் இருவர் சார்பாகவும் நின்றனர். பொது நன்மைக்காகத் தனியொருவரின் சுதந்திரத்தை அளவோடு கட்டுப்படுத்தலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். உடல்நிலை இடங்கொடாதவரைக் கொடுமையாக வற்புறுத்துவதற்கு அது அனுமதி தரவில்லை. அளவறிந்த தீர்ப்பு என்றே சொல்வேன்.

ஆனால் அத்தீர்ப்பு பின்னர் எங்கே போயிற்று என்பதைக் கவனியுங்கள். 1927இல் வேர்ஜீனியாவைச் சேர்ந்த கரி பக் என்ற இளம்பெண்ணை, அறிவு குறைந்தவள் என்று முத்திரை குத்தி, அவள் இனிப் பிள்ளை பெறாதபடி சத்திரசிகிச்சை செய்ய மாநிலம் முற்பட்டது. நீதியரசர் ஹோம்ஸ் அதற்கு அனுமதி வழங்கினார். அவர் துணைக்கெடுத்த முன்தீர்ப்பு எது? ஜேக்கப்சன் வழக்கு! அம்மை குத்த வற்புறுத்தலாம் என்றால் கருக்குழாயையும் வெட்டலாம் என்று வாதம் நீண்டது. பிள்ளைகளைக் காக்கக் கொடுத்த அதிகாரம் இருபத்திரண்டு ஆண்டுகளில் ஏழைப்பெண்ணின் வயிற்றில் வந்து நின்றது. அரசுக்கு அதிகாரம் கொடுக்கும்போது வேலியையும் உடன் கேட்கவேண்டும் என்று நான் வாதிடுவது இதனாலேதான்.

அந்த வேலியில் முக்கியமான கதியால் ஒன்றைச் சொல்கிறேன். ஊசியாற் கடுந்தீங்கு நேர்வது மிக அரிது, ஆயினும் நேர்வதுண்டு. ஊரைக் காக்க ஒரு பிள்ளை ஊசி ஏற்று ஊனமடைந்தால், அந்த நட்டத்தைத் தாய் தகப்பன் மட்டும் சுமப்பது நீதியாகுமா? ஜேர்மனியின் சமஷ்டி நீதிமன்றம் 1953இல் இதற்கு விடையளித்தது. பொது நலத்துக்காக அரசு ஒருவரைத் தியாகஞ் செய்ய வைத்தால் அரசு அவருக்கு ஈடு செலுத்தவேண்டும் என்பது 1794ஆம் ஆண்டுப் பிரஷ்யச் சட்டத்தொகுதியிலேயே இருந்த கொள்கை. கட்டாய அம்மை குத்தலாற் கேடுற்றவருக்கும் அது பொருந்தும் என்று அந்நீதிமன்றம் தீர்த்தது. பிரித்தானியா 1979இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. கட்டாயம் ஒழிந்து முப்பதாண்டு கழிந்த பின்னரும், கேட்டுக்கொண்டதற்காவது பொறுப்பேற்றது.

2021 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் செக் குடியரசின் கட்டாயத்தை ஏற்றது. பதினாறு நீதியரசர் ஒருபுறம், ஒருவர் மறுபுறம். அங்கே பலவந்தமாக ஊசி ஏற்றுவதில்லை, தண்டப்பணம் உண்டு, ஊசி போடாத பிள்ளைக்குப் பாலர் பாடசாலையில் இடமில்லை. உடல்நிலை இடங்கொடாத பிள்ளைக்கு விலக்குண்டு. தீங்குற்றோருக்கு ஈடு செலுத்தும் சட்டத்தை அந்நாடு 2020இல் இயற்றியிருந்தது.

நம் நாட்டிலும் 1886ஆம் ஆண்டிலேயே அம்மை குத்தற் கட்டளைச் சட்டம் வந்தது. என் அம்மம்மாவின் கையில் அத்தழும்பு இருந்தது. ஆயினும் 1978இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தை ஊர்தோறும் கொண்டுசென்றவர் நீதவானல்லர். வீட்டுப்படலை திறந்து வந்த மருத்துவ மாதுதான். 1993க்குப் பின்னர் இத்தீவிற் போலியோ நோயாளி ஒருவரேனும் இல்லை. நாளை யாரேனும் கட்டாயச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தால் நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் தண்டப் பிரிவைப் படிக்குமுன், ஈட்டுப் பிரிவு எங்கே என்று கேட்பேன். உங்கள் பிரதிநிதியிடம் நீங்களும் அதையே கேளுங்கள்.