கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்



ஏழு கிலோ எடையுள்ள பந்து மரப்பலகையில் உருளும் சத்தம் எப்படி இருக்கும்? தூரத்து இடி உறுமுவதுபோல இரண்டரை விநாடி. அப்புறம் சடசடவென்று பத்துக் கட்டைகளும் சரியும். மால்களில் பிள்ளைகளோடு பௌலிங் ஆடியவர்களுக்கு இது பழகிய சத்தம். அந்த ஆட்டத்தில் பெண்களுக்கென்றே அமெரிக்காவில் 1949-ல் தொடங்கிய பெரிய போட்டி ஒன்று உண்டு. 1971 முதல் அதற்கு யு.எஸ். விமன்ஸ் ஓப்பன் என்று பெயர்.

பந்து போகிற பாதைக்கு லேன் என்று பெயர். பந்தை விடும் கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி. அகலம் மூன்றரை அடிக்குக் கொஞ்சம் கீழே. அந்த லேனில் எண்ணெய் பூசியிருப்பார்கள். பார்த்தால் தெரியாது, பந்துக்குத்தான் தெரியும். சாதாரண அரங்குகளில் நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் லேசாகவும் பூசுவார்கள். சுழற்றி விட்ட பந்து ஓரம் போனால் காய்ந்த இடம் அதைப் பிடித்து உள்ளே திருப்பும். நடுவே வந்தால் எண்ணெய் வழுக்கிக் கொண்டுபோகும். வாய்க்கால் தண்ணீரைக் கூட்டிப்போவதுபோல, லேனே பந்தைக் கட்டைக்குக் கூட்டிப்போய்விடும். இந்தப் போட்டியில் அந்தச் சலுகை கிடையாது. எண்ணெயை ஓரத்துக்கு ஓரம் ஏறக்குறைய ஒரே சீராகப் பூசிவிடுவார்கள். ஓர் அங்குலம் தவறினால் தவறினதுதான். போதாததற்கு, ஒவ்வொரு பந்தும் போகிற வழியில் கொஞ்சம் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போகும். காலையில் இருந்த லேன் மத்தியானம் இருக்காது. எங்கே நிற்பது, எந்தப் பந்தை எடுப்பது என்று ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தப் போட்டியை எட்டு முறை வென்றவர் மிச்சிகன் மாநிலத்தின் மரியன் லேடவிக். முதல் போட்டியே அவருக்குத்தான். கடைசியாக 1963-ல் ஜெயித்தபோது வயது 48. 1951-ல் சிகாகோவில் ஒரே நாளில் எட்டு ஆட்டங்களில் 1981 புள்ளிகள் எடுத்தார். ஓர் ஆட்டத்துக்கு உச்சம் 300. அவருடைய சராசரி 247-க்கும் மேல். அதே இடத்தில் அன்று ஆடிய ஆண்களில் ஒருவர்கூட அந்தக் கணக்கைத் தொடவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

பிற்காலத்தில் இதே போட்டியில் லிஸ் ஜான்சன் என்பவர் 1996-ல் முதல் பட்டம் வென்று, 2017-ல் ஆறாவதையும் எடுத்தார்.

ஆனால் என் மனதில் நிற்பவர் கெல்லி குலிக். 2003-ல் இந்தப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு, பெண்களின் தொழில்முறைப் போட்டிச் சுற்று பணமில்லாமல் மூடப்பட்டது. நாட்டிலேயே சிறந்தவர் என்று கோப்பை வாங்கியவருக்கு ஆடக் களம் இல்லை. நியூ ஜெர்சியில் அப்பாவின் கார் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தார். பந்தை மட்டும் கீழே வைக்கவில்லை. 2010 ஜனவரியில் லாஸ் வேகாஸில், ஆண்களின் சுற்றில் பெரிய போட்டிகளில் ஒன்றான டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸின் இறுதியாட்டத்தில் கிறிஸ் பார்ன்ஸை 265–195 என்று தோற்கடித்தார். ஆண்கள் சுற்றில் பட்டம் வென்ற முதல் பெண் அவர்தான். பெண்களின் சுற்று திரும்ப வந்ததோ 2015-ல். ஆடும் வயதில் பன்னிரண்டு வருடம் என்பது கொஞ்சநஞ்சமா?

அந்தச் சுற்று திரும்புவதற்கு மூன்று வருடம் முன்னால், 2012-ல், யு.எஸ். விமன்ஸ் ஓப்பன் இறுதிச் சுற்றை ரீனோ நகரத்தின் நடுத்தெருவில் நடத்தினார்கள். ஊர்ப் பெயர் தாங்கிய புகழ்பெற்ற வளைவின் கீழே, தார்ச்சாலைமேல் லேன் போட்டு, திறந்த வானத்தின் அடியில். அன்று கோப்பையைத் தூக்கியது குலிக்.