கடலடிப் பயணத்துக்கு ஓர் ஆயத்தம்

மன்னார்க் கடலில் முத்துக் குளித்த காலத்தில், சுழியோடி தன் கயிற்றை யாரிடம் கொடுத்துவிட்டு நீரில் இறங்கினான் என்பது பற்றி நம்மவரிடையே ஒரு வழக்கு உண்டு. தோழனிடமும் அன்று, தமையனிடமும் அன்று. மனைவியின் உடன்பிறந்தானாகிய மைத்துனனிடமே கொடுப்பான் என்பர். தன் சகோதரியின் தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைவு அவன் பிடியைத் தளரவிடாது என்பது அதன் கருத்து. கேட்போர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் கடலடிக்குச் செல்ல எண்ணும் எவரும் முதலிற் கற்கவேண்டிய பாடம் இதனுள் அடங்கியிருக்கிறது. இறங்குவதற்கு முன்னரே ஏறுவதற்கு வழிசெய்துகொள் என்பதே அப்பாடம்.

கலைப் பட்டதாரியும் பாடசாலை அதிபருமாகிய எனக்குச் சுழியோடும் வித்தை தெரியாது. முழங்கால் அளவுக்கு மேற்பட்ட கடல் நீரை நான் அறியேன். அத்தகைய நான் இப்பொருள் பற்றிப் பேச முன்வந்ததற்குக் காரணமானவன் என் மருமகன், என் தங்கையின் மகன். நுவரெலியாவில் உத்தியோகம் பார்க்கும் அவன், ஒரு தைப்பொங்கல் விடுமுறையில் என்னிடம் வந்து ஒரு கடுதாசியை நீட்டினான். "மாமா, ஆனி மாதம் கிழக்குக் கரைக்குப் போகப் போகிறேன். புறாத் தீவின் முருகைக் கற்பாறைகளையும், மட்டக்களப்புக் கடலிற் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலையும் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றான்.

ஹேர்மிஸ் என்ற பெயரைக் கேட்டதும் சரித்திர ஆசிரியனாக இருந்த என் மனமும் சற்று அசைந்தது உண்மை. விமானந்தாங்கிக் கப்பலாகவே முதலிலிருந்து வரையப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. 1919 ஆம் ஆண்டு நீரில் இறக்கப்பட்டது. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9 ஆம் திகதி, யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே நாளில், துறைமுகத்தை விட்டு முன்னிரவே தெற்கு நோக்கிப் புறப்பட்டிருந்த இக்கப்பலை மட்டக்களப்புக்கு அப்பாற் கண்டு தாக்கின. விமானந்தாங்கியாயிருந்தும் அன்று அதன் தளத்தில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அன்று முற்பகலிலேயே அது மூழ்கியது. 307 பேர் மாண்டனர். துணைக்கு வந்த அவுஸ்திரேலியப் போர்க்கப்பலாகிய வாம்பயரும் உடன் மூழ்கியது. வைற்றா என்னும் மருத்துவக் கப்பல் 600 பேரளவில் மீட்டெடுத்தது. அதே நாளில் பிரிட்டிஷ் சார்ஜன்ற் என்ற எண்ணெய்க் கப்பலும் கல்குடாப் பக்கத்துக் கடலில் வீழ்த்தப்பட்டது.

இவற்றையெல்லாம் கண்ணாற் காணலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை எழாது? மருமகனின் கடுதாசியும் ஒழுங்காகவே இருந்தது. பேருந்து நேரம், விடுதிச் செலவு, வள்ளக் கூலி, கருவி வாடகை, ஹேர்மிசில் 20 நிமிடம், அன்று மாலையே நுவரெலியாவுக்குத் திரும்புதல் என யாவும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. எனினும் கடலறிவு இல்லாத நான் தலையசைப்பது முறையன்று எனக் கருதி, என் பழைய மாணவன் ஒருவனிடம் அவனை அழைத்துச் சென்றேன்.

அம்மாணவனைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். கணக்கிற் கெட்டிக்காரன், குடும்ப வறுமையாற் படிப்பை இடையில் விட்டுக் கடலட்டை பிடிக்கும் சுழியோடியானான். முதுகிற் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்குப் பலமுறை இறங்கி ஏறுவது அத்தொழில். எத்தனை அட்டை என்பதற்குக் கணக்கு உண்டு. எத்தனை நிமிடம் என்பதற்குக் கணக்கு இல்லை. ஒரு நாள் மாலை கரையேறியபோது கால்களில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. களைப்பென்று எண்ணி வாடியிற் படுத்துக்கொண்டான். விடிந்தபோது இரு கால்களும் அவன் சொற் கேட்கவில்லை. இன்று ஊன்றுகோலின் துணையோடு நடக்கிறான். அப்போது அவனுக்கு வயது இருபத்தாறு.

அவன் அந்தக் கடுதாசியை இருமுறை வாசித்தான். பின்னர், "தம்பி, இதில் இறங்குகிற கணக்கு இருக்கிறது, ஏறுகிற கணக்கு எங்கே?" என்று கேட்டான். மருமகனிடம் மறுமொழி இல்லை.

நேயர்களே, அந்த ஏறுகிற கணக்கை அவன் எமக்கு விளக்கியவாறே உங்களுக்கும் கூறுகிறேன். பலர் நினைப்பதுபோலச் சிலிண்டரில் இருப்பது தனி ஒட்சிசன் அன்று. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே அதில் அமுக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. அமுக்கம் கூடக் கூட ஒரு மூச்சுக்குச் செலவாகும் காற்றும் அதே அளவிற் கூடுகிறது. 12 லீற்றர் சிலிண்டரில் 200 மடங்கு அமுக்கத்தில் அடைத்தால் 2,400 லீற்றர் காற்று இருக்கும். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவனுக்கு 20 மீற்றர் ஆழத்தில் 60 லீற்றர் வேண்டும். ஆகவே 40 நிமிடத்திற் சிலிண்டர் வெறுமையாகும். 50 மீற்றர் ஆழத்தில் 120 லீற்றர் வேண்டும்; 20 நிமிடமே தாங்கும். ஹேர்மிஸ் கிடப்பது 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில். மருமகன் எழுதிய 20 நிமிடம் என்பது சிலிண்டரின் கடைசி மூச்சு வரைக்குமான கணக்கு! மேலே வருவதற்கு அவனிடம் ஒரு மூச்சேனும் எஞ்சாது. கப்பல்களிற் சுழியோடுவோர், மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போய், ஒரு பங்கோடு திரும்பி, மற்றப் பங்கை ஆபத்துக்கென்று தொடாது வைப்பர்.

காற்று போதுமாயினும் விரைந்து ஏறிவிட முடியாது. அமுக்கத்திற் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் குருதியிலும் தசைகளிலும் கரைந்து தங்குகிறது. மெல்ல ஏறினால் அது மூச்சோடு வெளியேறிவிடும். விரைந்து ஏறினாலோ, சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தாற்போல் உடலுக்குள்ளேயே குமிழியாகப் பொங்கும். மூட்டுகளில் தங்கினால் நோவு. முள்ளந்தண்டிற் தங்கினால் முடம். ஹோல்டேன் என்ற பிரித்தானிய அறிஞர் ஆடுகளை அமுக்க அறையில் வைத்து ஆராய்ந்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவன் எவ்வாறு ஏற வேண்டும் என்று 1908 ஆம் ஆண்டு அட்டவணை வெளியிட்டார். அதன் வழித்தோன்றல்களே இன்று சுழியோடிகளின் மணிக்கட்டிலுள்ள சிறு கணினிகளில் இயங்குகின்றன. பொழுதுபோக்குச் சுழியோடிக்கு 30 மீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ 20 நிமிடமே எல்லை. நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் ஏறி, 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்து வருவது நல்வழக்கம். 30 மீற்றருக்குக் கீழே நைதரசன் அறிவையும் மயக்கும். கள்ளுண்டவன்போல் ஒருவன் தன் கருவியைப் பார்த்தும் அதன் பொருளை உணராதிருப்பான்.

பின்னர் என் மாணவன் கடுதாசியின் இறுதி வரியைச் சுட்டினான். "அன்று மாலையே நுவரெலியாவோ? அதுவும் ஓர் ஏற்றந்தானே, தம்பி!" என்றான். இதை நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. கடலிலிருந்து ஏறியவனின் உடலில் நைதரசன் இன்னும் எஞ்சியிருக்கும். அவன் அன்றே 6,000 அடிக்கு மேற்பட்ட மலைநாட்டுக்குப் பேருந்தில் ஏறினால், அங்குள்ள குறைந்த அமுக்கம் மூடியை மறுபடி திறந்துவிடும். விமானப் பயணமும் அத்தகையதே. பலமுறை சுழியோடியவன் குறைந்தது 18 மணி நேரமாவது கடல்மட்டத்திலேயே தங்குதல் வேண்டும்.

இவ்வாறாக அக்கடுதாசி புதிதாக எழுதப்பட்டது. முதலில் ஹேர்மிஸ் என்ற பெயர் வெட்டப்பட்டது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்குரிய எல்லை 40 மீற்றர். மருமகனிடமிருந்த முதற்படிச் சான்றிதழோ 18 மீற்றருக்கே உரியது. அக்கப்பலுக்குச் செல்லத் தனிப் பயிற்சியும், மேலதிகச் சிலிண்டர்களும், பல தரிப்புகளும் வேண்டும். அதற்குப் பதிலாக, 25 மீற்றர் அளவு ஆழத்திற் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ற் தெரிவு செய்யப்பட்டது. அதற்கும் 30 மீற்றர் வரைக்கான அடுத்த படிப் பயிற்சி தேவை. ஆனிக்கு முன் அதைப் பெற்றாலன்றித் தங்கையிடம் நான் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவனும் பெற்றான்.

காலத்தைப் பொறுத்தவரை அவன் முன்னரே சரியாகத் தெரிந்திருந்தான். வாடைக்காற்றும் மாரி மழையும் ஓய்ந்தபின், சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை கீழ்க்கரைக் கடல் தெளிந்திருக்கும். ஹிக்கடுவை, கற்பிட்டி முதலிய மேற்கரை இடங்களுக்குக் கார்த்திகை தொடக்கம் பங்குனி வரையான காலமே ஏற்றது. கடலறிந்த தண்டையல், வள்ளத்தில் ஒட்சிசன், அருகிலுள்ள பெரிய வைத்தியசாலையின் தொலைபேசி எண், அமுக்க அறை எங்குள்ளது என்ற விவரம் என்பனவும் புதிய கடுதாசியில் ஏறின. தன் கால்களை இழந்ததற்குக் கடலைவிட அந்த ஓர் இரவுத் தாமதமே பெருங் காரணம் என்று என் மாணவன் கருதுகிறான். சுழியோடியபின் கையோ காலோ மரத்தால், களைப்பென்று படுக்கலாகாது. ஒட்சிசன் கொடுத்து உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

கடலடியில் நடந்துகொள்ளும் முறைக்காக நான் என் கையாலேயே ஒரு வரி சேர்த்தேன்: "எதையும் தொடாதே, எதையும் எடாதே." புறாத் தீவு 2003 ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக்கப்பட்டது. அங்குள்ள முருகைக்கல் நுண்ணிய உயிர்கள் கட்டிய கோட்டை. பாறை போன்ற இனங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளரும். கவனமற்ற ஓர் உதையில் உடைவது ஒரு மனிதனின் ஆயுட்கால வளர்ச்சியாக இருக்கலாம். 1998 ஆம் ஆண்டு கடல் நீர் வெப்பமேறி நமது தென்மேற்குக் கரையின் முருகைக்கற்கள் பெரிதும் வெளிறி மடிந்தன. எஞ்சியவற்றைக் காலால் மிதித்தும் அழிப்பதா? கப்பல்களும் அவ்வாறே. 1961 ஆம் ஆண்டு தெற்கே பெரிய இராவணன் கோட்டைப் பாறையருகே 1702 ஆம் ஆண்டுக்குரிய முகலாய வெள்ளி நாணயங்கள் அகப்பட்டபின், நம் கடலிற் புதையல் தேடும் ஆசை பலருக்கு உண்டாயிற்று. பழம்பொருள் நாட்டின் உடைமை. 1940 ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் உண்டு. போர்க்கப்பலோ மாண்டோரின் கல்லறை. சவக்காலையிற் கல்லைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவருவோர் உண்டோ?

ஆனி மாதம் நானும் உடன் சென்றேன். கரையிலும் வள்ளத்திலும் நேரம் குறிப்பது என் பணி. மைத்துனன் பிடித்த கயிற்றுக்குப் பதிலாக மாமன் கையில் ஒரு கொப்பியும் கடிகாரமும்! புறாத் தீவில் ஆழம் குறைந்த இடத்தில் இருமுறை இறங்கிக் கருவிகளையும் தன்னையும் சோதித்துக்கொண்டான். பின்னர் கல்குடாவுக்கு வந்தோம். கப்பலுக்குச் செல்வதாயிருந்த நாளில் நீரோட்டம் கடுமையாக இருந்தது. நங்கூரக் கயிறு விம்மி நிற்பதைக் கண்ட தண்டையல், "இண்டைக்கு வேண்டாம்" என்றார். கூலி கொடுத்தாயிற்று, விடுமுறையும் முடியும் தறுவாய். மருமகனின் முகம் வாடியது. ஆயினும் ஒன்றும் பேசாது கருவிகளைக் கழற்றினான்.

மறுநாட் காலை கடல் குளம்போற் கிடந்தது. ஆனால் அன்று மாலையே அவன் மலைக்குத் திரும்ப வேண்டியவன். சுழியோடினால் ஒரு நாட் சம்பளம் போகும். சுழியோடாவிட்டால் கப்பல் போகும். அவன் அலுவலகத்துக்குத் தொலைபேசியிற் பேசி ஒரு நாட் சம்பளத்தை விட்டான். அதன் பின்பே நீரில் இறங்கினான். கப்பலருகே 20 நிமிடம். 5 மீற்றரில் அவன் தரித்து நின்ற மூன்று நிமிடமும் என் கடிகாரத்தில் மூன்று யாமமாகக் கழிந்தன. அமுக்கமானியில் 200 உடன் இறங்கியவன் 70 உடன் ஏறினான். பிளந்து கிடக்கும் கப்பலையும், அதன் இரும்பு விலாக்களிடையே கூட்டமாகத் திரியும் மீன்களையும் பற்றி வள்ளத்தில் அவன் ஓயாது பேசினான். வெறுங்கையோடுதான் வந்திருந்தான்.

அன்றைய பகலையும் இரவையும் கரையிலேயே கழித்தோம். மறுநாள் மலைக்குப் புறப்படுமுன் என் மாணவனிடம் சென்றோம். அவன் முதலிற் கேட்டது கப்பலைப் பற்றியன்று. என் கொப்பியை வாங்கி, ஏறிய நேரங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தான். "கணக்குச் சரி, சேர்" என்றான். முப்பத்தைந்து ஆண்டுகளாக மாணவர்களின் கணக்கைத் திருத்திய எனக்கு, மாணவன் ஒருவன் வழங்கிய அந்தச் சான்று பெரிதாகவே பட்டது.

நேயர்களே, உங்கள் பிள்ளைகளும் ஒருநாள் இத்தகைய கடுதாசியோடு உங்கள் முன் வரலாம். உடனே மறுத்துவிடாதீர்கள், உடனே இசைந்துவிடவும் வேண்டாம். அக்கடுதாசியை வாங்கி, அதில் ஏறுகிற கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.