நீராவிக் கொட்டகைகளும் சொற்களின் எச்சமும்



புகை போய்விட்டது, புகைவண்டி என்ற சொல் போகவில்லை. மின்சாரத்தில் ஓடும் வண்டியையும் முதியோர் பலர் இன்றும் புகைவண்டி என்றே குறிக்கின்றனர். மறைந்த ஒரு தொழிலின் எச்சம் இரும்பில் மட்டுமன்று, மொழியிலும் கிடக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கள்ளக்குறிச்சி புகை காணாத ஊர். சேலத்தையும் விருத்தாசலத்தையும் இணைத்த பழைய மீட்டர்கேஜ் பாதை, கல்வராயன் மலைக்குத் தெற்கே ஆத்தூர், தலைவாசல், மேல்நாரியப்பனூர், சின்னசேலம் என்று சென்றதேயன்றி இவ்வூருக்குள் வரவில்லை. சின்னசேலத்திலிருந்து இங்குப் புதுப்பாதை அமைக்கும் பணி தொடங்கியபோது நீராவி ஓய்ந்து ஆண்டுகள் பலவாகியிருந்தன. ஆகவே இவ்வட்டாரத்தார்க்குக் கரி எஞ்சின் என்றால் சின்னசேலம். எஞ்சின் கொட்டகை என்றால் விழுப்புரம்.

விழுப்புரத்துக்கு அப்பெயர் வாய்த்ததற்குக் காரணம் உண்டு. ஐந்து திசைகளில் பாதை பிரியும் சந்திப்பு அது. 1960களில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மீட்டர்கேஜ் பாதை மின்மயமாயிற்று. அதற்குத் தெற்கே மின்கம்பி இல்லை. எழும்பூரிலிருந்து மின் எஞ்சின் இழுத்து வந்த வண்டி அங்கே நின்று, அதனைக் கழற்றிவிட்டு, நீராவி எஞ்சினை மாட்டிக்கொண்டு தெற்கே புறப்படும். இரு காலங்கள் ஒரே நடைமேடையில் சந்தித்துப் பிரிந்தன எனலாம்.

நீராவி எஞ்சின் விசையைத் திருப்பியவுடன் ஓடுவதன்று. குளிர்ந்து கிடந்த கொதிகலனில் தீ மூட்டினால், நீராவி திரண்டு எஞ்சின் நகரப் பல மணி நேரமாகும். விடியற்காலை வண்டிக்கு நள்ளிரவிலேயே ஒருவர் தீயருகே நிற்க வேண்டும். ஓடி வந்த எஞ்சினின் அடுப்பைச் சாம்பல்குழியின் மேல் நிறுத்தித் தட்டிக் கழிக்க வேண்டும். உப்புநீர் ஊர்களில் கொதிகலனுக்குள் காரை படியும். அதனை நாள் கணக்கு வைத்துக் கழுவாவிடில் குழாய்கள் கெடும். ஒய்.பி. வகை எஞ்சின் கரியும் நீரும் ஏந்திய பின்வண்டியோடு ஏறத்தாழ நூறு டன் எடை. அதனைத் திருப்புமேடையின் நடுவே எடை சமனாக நிறுத்திவிட்டால் நாலைந்து பேர் கையால் தள்ளித் திருப்பிவிடுவர். அந்த நடு எங்கே என்று அறிவது ஏட்டுக்கல்வியால் வருவதன்று.

துடைப்பவராகச் சேர்ந்து, கரி வாரிப் போடும் பயர்மேனாகி, தலைநரைக்கும் வேளையில் ஓட்டுநராவது அக்கால வழக்கம். பணிக்குரியோரை நள்ளிரவில் வீடு தேடி எழுப்புவதற்கென்றே கால்பாய் என்றொரு வேலையாள் இருந்தார். கைப்பேசி வந்தபின் அச்சொல்லுக்கே அகராதி தேவைப்படுகிறது.

சித்தரஞ்சன் ஆலையில் 1970இல் உருவான கடைசி அகலப்பாதை நீராவி எஞ்சினுக்கு ‘அந்திம் சிதாரா’, அதாவது கடைசி விண்மீன், என்று பெயரிட்டனர். எஞ்சினுக்குக் கிடைத்த அந்த மரியாதை கொட்டகைகளுக்குக் கிடைக்கவில்லை. டீசலுக்குச் சாம்பல்குழி வேண்டாம், நீர்த்தம்பம் வேண்டாம், கரிமேடை வேண்டாம். 1990களில் நீராவி விடைபெற்றது. தொடர்ந்து பாதைகள் அகலமாயின. பழைய தண்டவாளங்களோடு அவற்றைச் சார்ந்தவையும் பெயர்க்கப்பட்டன. பழைய நிலையங்களில் செங்கல் தூண்மேல் நிற்கும் நீர்த்தொட்டியோ, வளைந்த கழுத்துடைய நீர்த்தம்பமோ எங்கேனும் தென்படலாம். கடந்து செல்வோர் அது எதற்கென்று கேட்பதுமில்லை.

தமிழ்நாட்டில் நீராவி எஞ்சினைப் பேணும் கொட்டகையை உயிரோடு காண விரும்புவோர் குன்னூருக்குச் செல்லலாம். கல்லாற்றிலிருந்து பற்சட்டத்தைப் பற்றி ஏறும் நீலகிரி மலை இரயிலின் எஞ்சின்கள் அங்கே பராமரிக்கப்படுகின்றன. 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைச் சிறப்பு அதற்குக் கிடைத்தது. பொன்மலைப் பணிமனை இந்நூற்றாண்டிலும் அம்மலைப் பாதைக்குப் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து தந்துள்ளது. சுற்றுலாவுக்கு ஆன மலைப்பாதை பிழைத்தது. கூலிக்காரர்களையும் நெல்மூட்டையையும் சுமந்த சமவெளிக் கொட்டகைகள் பிழைக்கவில்லை. இதனைத் தற்செயல் என்று சொல்வதற்கில்லை.

இலக்கியத்திலும் இதே நிலைதான். பாரதியார் 1920இல் ‘ரயில்வே ஸ்தானம்’ என்று கதை எழுதினார். அன்றுமுதல் தமிழ்ப் படைப்பாளியின் நிற்குமிடம் பெரும்பாலும் நடைமேடையாகவோ சன்னலோர இருக்கையாகவோ இருந்து வருகிறது. கவிதையில் வண்டி வரும், கூவும், பிரிவைத் தரும்; தீ மூட்டியவன் வருவதில்லை. பேருந்துப் பணிமனைக்கு விருத்தாசலத்துக் கண்மணி குணசேகரனின் ‘நெடுஞ்சாலை’ நாவல் வாய்த்தது. அத்தொழிலில் கைவைத்தவர் எழுதியது என்பதே அதன் வலு. நடுநாட்டுச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவரும் அவரே. எஞ்சின் கொட்டகை என்றதும் அவ்வாறு நினைவில் எழும் நாவலொன்று தமிழில் இல்லை.

கொட்டகைக்குள் வழங்கிய சொற்களுள் பல, ஆங்கிலம் தொழிலாளர் வாயில் தேய்ந்து தமிழானவை. தூய தமிழன்று என்று புலவரும், பிழையான ஆங்கிலம் என்று அலுவலரும் ஒதுக்கியதால் அவை எந்த ஏட்டிலும் ஏறவில்லை. 1985இல் இருபத்தைந்து வயதுப் பயர்மேனாக இருந்தவர் இன்று அறுபத்தைந்தைக் கடந்தவர். அவருக்கு மேலே இருந்த ஓட்டுநர்களில் பலர் மறைந்துவிட்டனர். விழுப்புரம் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். இவ்வட்டத்தின் கவிஞர்கள் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று, ஓய்வுபெற்ற இரயில்வே முதியவர் ஒருவரின் திண்ணையில் அமர்ந்து, தீயின் நிறம் பார்த்து அதன் சூட்டை எப்படிக் கண்டீர்கள், அந்நிறங்களுக்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள் என்று கேட்டு எழுதி வரலாம்.