ஜனவரி 31-க்குப் பின் ஒரு மாதம்



நான் செய்த தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பள்ளி நூலகத்துக்காக மாணவர்களும் நானும் சேர்ந்து ஒரு சிறு வலைப்பக்கம் உருவாக்கினோம். நூல் எடுத்த தேதியைக் கொடுத்தால், ஒரு மாதம் கழித்துத் திருப்பித் தரவேண்டிய தேதியைக் காட்டும். 2023 ஜனவரி 31 அன்று நூல் எடுத்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மார்ச் 2 அன்று கொண்டுவந்தாள். பதிவேட்டில் நான் பிப்ரவரி 28 என்று எழுதியிருந்தேன். தாமதம் என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். "கம்ப்யூட்டர்ல மார்ச் 3-னு காட்டுச்சே சார்" என்றாள். பார்த்தால், அவள் சொன்னது உண்மை.

காரணம் எளிது. ஜாவாஸ்கிரிப்டில் மாத எண்ணுடன் ஒன்றைக் கூட்டினால், ஜனவரி 31 பிப்ரவரி 31 ஆகிறது. அப்படி ஒரு நாள் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரிக்கு 28 நாள். மிச்சம் 3 நாள் மார்ச்சுக்குப் போய்விடும். லீப் ஆண்டான 2024-இல் மார்ச் 2 வரும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலோ இதே கூட்டல் பிப்ரவரியின் கடைசி நாளில் நின்றுவிடும். இரண்டும் அதனதன் விதிப்படி சரிதான். நமக்கு எந்த விதி வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்யவில்லை.

லால்பேட்டைப் பிள்ளைகளுக்கு மாதத்தின் அளவு மாறும் என்பது புதிதல்ல. பிறை தெரிந்தால் ஹிஜ்ரி மாதம் 29 நாளில் முடியும், இல்லையேல் 30. தமிழ் மாதங்கள் 29 முதல் 32 நாள் வரை வரும். இதைச் சொல்லியே பாடத்தைத் தொடங்கினேன்.

பிறகு 'ஒரு மாதம்' என்பதை '15 நாள்' என்று மாற்றினோம். ஜனவரி 25 உடன் 15 கூட்டினால் 40. அதில் 31 போக, பிப்ரவரி 9. பிப்ரவரி 25 என்றால் 28 போக, மார்ச் 12. லீப் ஆண்டில் மார்ச் 11. பிள்ளைகள் தாளில் போட்ட கணக்கும் திரையில் வந்த விடையும் ஒத்துப்போயின.

அந்த மாணவியிடம் எல்லார் முன்னாலும் வருத்தம் தெரிவித்தேன். ஜனவரி 31, பிப்ரவரி 28, 29, டிசம்பர் 31 ஆகிய தேதிகளைப் போட்டுச் சோதிக்கும் வேலையை இப்போது அவள்தான் செய்கிறாள். நீங்களும் சோதித்த பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள்.