கைப்பேசியைப் புதுப்பித்து வைப்போம்



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. பள்ளியிலிருந்து நாங்கள் அனுப்பும் அறிவிப்பும், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளையின் குரலும், வங்கியில் சேர்ந்த சம்பளத்தின் கணக்கும் அதற்குள்தான் இருக்கின்றன. அதில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சு.

2019 மே மாதத்தில், வாட்சாப் என்னும் புலனத்தில் ஒரு பழுது இருப்பது வெளியாயிற்று. கெட்ட எண்ணம் கொண்டவர்கள் புலனம் வழியே ஒருவரை அழைப்பார்கள். அவர் எடுத்துப் பேசவேண்டும் என்பதுகூட இல்லை. அழைப்போடு சேர்ந்து வரும் கள்ளக் கட்டளைகள் கைப்பேசிக்குள் புகுந்து, 'பெகாசஸ்' என்னும் வேவு மென்பொருளை அமர்த்திவிடும். ஏறத்தாழ 1,400 பேர் இவ்வாறு குறிவைக்கப்பட்டனர். இந்தியாவின் வழக்கறிஞர்களும் செய்தியாளர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதை நாம் மனத்தில் கொள்ளவேண்டும்.

இது எப்படி நடக்கிறது? கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கிராணியின் ஏட்டில் பெயருக்கு ஒரு கட்டம், கிலோவுக்கு ஒரு கட்டம். பெயர்க் கட்டத்தில் ஒருவன் நீளமாக எழுதி, அது அடுத்த கட்டத்துக்குள் வழிந்து, 'இவனுக்கு இரட்டைச் சம்பளம் கொடு' என்று முடிந்தால்? ஏட்டைப் பார்க்கிறவர் அதை உத்தரவென்று எண்ணிக் கொடுத்துவிடுவார். கைப்பேசியும் அப்படியே, வெறும் செய்தியாக வந்ததைக் கட்டளையென்று எண்ணி நிறைவேற்றிவிடுகிறது.

புலனம் நிறுவனத்தார் தங்கள் பக்கத்து ஓட்டையை உடனே அடைத்து, புதிய பதிப்பையும் வெளியிட்டு, அப்போதிருந்த ஏறத்தாழ 150 கோடிப் பயனாளரையும் புதுப்பித்துக்கொள்ளச் சொன்னார்கள். பெகாசஸை உருவாக்கிய என்.எஸ்.ஓ. நிறுவனத்தின்மீது வழக்கும் தொடுத்தார்கள். 2024 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் அந்நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டிலும், ஐபோன், மேக் கருவிகளுக்கான புலனத்தில் வேறொரு பழுதை அடைத்ததாக அறிவித்தார்கள்.

"நம்மை யார் குறிவைக்கப் போகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தாக்குதல் நம் தோட்டங்களை நோக்கியதன்று. ஆனால் பழுது ஊரறிந்ததும் வேறு திருடர்களும் அதைக் கற்றுக்கொள்ளலாம் அல்லவா? கூரையில் ஓட்டை இருந்தால் மழைக்கு முன் அடைக்கலாம் என்றிருப்போம். மழை உள்ளே கொட்டும்போது நாளைக்கு என்று தள்ளுவோமா? 'இப்பழுதைத் திருடர்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள்' என்று செய்தி வந்தால், அன்றே புதுப்பித்துவிட வேண்டும்.

வழி எளிது. கைப்பேசியில் உள்ள பிளே ஸ்டோரையோ, ஐபோனில் ஆப் ஸ்டோரையோ திறந்து வாட்சாப்பைத் தேடுங்கள். 'அப்டேட்' என்ற பொத்தான் தெரிந்தால் அழுத்துங்கள். 'செட்டிங்ஸ்' பகுதிக்குச் சென்று கைப்பேசியின் சொந்த மென்பொருளையும் புதுப்பியுங்கள். டேட்டா தீர்ந்துவிடும் என்று அஞ்சுவோர், வைஃபை உள்ள உறவினர் வீட்டில் செய்துகொள்ளலாம். புதுப்பிப்பு வருவது நின்றுபோன பழைய கைப்பேசியில் வங்கிச் செயலியை வைக்காதீர்கள்.

ஒன்றை மறவாதீர்கள். புதுப்பிப்பது கதவை அடைக்கும். முன்பே உள்ளே புகுந்தவனை வெளியேற்றாது. ஆகவேதான் 2025-இல் எச்சரிக்கை பெற்றவர்களிடம், கைப்பேசியை முழுவதும் அழித்துத் தொடக்கநிலைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள்.

இன்னொரு சூதும் உண்டு. 'ஆபத்து! இந்த இணைப்பை அழுத்திப் புதுப்பியுங்கள்' என்று குழுக்களில் செய்தி வந்தால் தொடாதீர்கள். கல்யாண அழைப்பிதழ் என்று சொல்லி 'ஏ.பி.கே.' கோப்பு அனுப்புவோரும் நம் நாட்டில் இருக்கிறார்கள். அதைத் திறந்து நிறுவினால் நாமே கதவைத் திறந்துவிட்டவர்கள் ஆவோம். புலனம் அனுப்பும் ஆறு இலக்க எண்ணை உற்றாருக்கும் சொல்லாதீர்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். உடனே வங்கிக்கும், தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கும் தெரிவியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும். ஏமாந்த தாத்தா பாட்டியைத் திட்டும் வீட்டில், அடுத்த முறை உண்மை வெளியே வராது.

படிக்கும் பிள்ளைகளே, இன்று மாலை வீட்டிலுள்ள ஒவ்வொரு கைப்பேசியையும் வாங்கிப் பாருங்கள். பாட்டியின் கைப்பேசியிலிருந்து தொடங்குங்கள்.