அப்பா வழிச் சொந்தத்தைத் தேடலாம், தப்பில்லை

(திருவண்ணாமலையில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



நம்ம குழுச் சகோதரி ஒருவர் எங்களிடம், "தம்பி மகளுக்குக் காது குத்தணும். எங்க குலதெய்வம் எதுன்னே தெரியல" என்று சொல்லி அழுதாங்க. கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா விட்டுட்டுப் போயிட்டார். "விட்டுட்டுப் போனவன் சொந்தம் எதுக்கு?" என்று ஊர் கேட்கும். அவர் செஞ்சதுக்கு அத்தையும் சித்தப்பாவும் என்ன செய்வாங்க?

எப்படித் தேடினோம்?

முதலில் அம்மாவிடம் பொறுமையாகப் பேசினோம். வற்புறுத்தவில்லை. மூன்றாவது முறைதான், போளூர் பக்கம் ஒரு ஊர்ப் பேரைச் சொன்னாங்க.

2025-ல் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக 2002, 2005 பழைய பட்டியலில் பெற்றோர் பேரைத் தேடினோமே, அதையே எடுத்தோம். அதில் வீட்டு எண், தந்தை அல்லது கணவர் பேர், வயது எல்லாம் இருக்கு. ஒரே வீட்டு எண்ணில் தாத்தா பேரும் சித்தப்பா பேரும் கிடைத்தது. பழைய பத்திரத்தில் "வட ஆற்காடு மாவட்டம்" என்று இருந்தால் குழம்பாதீங்க. 1989-ல்தான் நம்ம மாவட்டம் அதிலிருந்து பிரிந்தது.

தனியாகப் போகாமல் ஊக்குநரோடு போனாங்க. அப்பா இறந்துட்டார். அத்தை கட்டிப்பிடித்து அழுதாங்க. சித்தப்பாவோ, "பங்கு கேக்க வந்தியா?" என்றார். "சாமி பேரு கேக்க வந்தேன் சித்தப்பா" என்றாங்க நம்ம சகோதரி. பேர் கிடைத்தது. கூடவே, "இதுல ஒரு கையெழுத்து போடு" என்று ஒரு தாளும் வந்தது. படித்தால், விடுதலைப் பத்திரம்! போடாமல் வந்துட்டாங்க.

சகோதரிகளே, இதைத்தான் மனசில் வைக்கணும். அப்பா விட்டுட்டுப் போனதால் பிள்ளைகளின் வாரிசு உரிமை போகாது. 2005-ல் திருத்திய இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி பூர்வீகச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் சம பங்கு உண்டு. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. கேட்பதும் கேட்காததும் உங்க விருப்பம். ஆனால் பாசத்திலோ கோபத்திலோ கையெழுத்து போட்டுடாதீங்க. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

காதுகுத்துக்கு அத்தை வந்தாங்க. சித்தப்பா வரல. பரவாயில்லை, கதவு திறந்தாச்சு.

உறவைத் தேடுவோம், உரிமையை விடமாட்டோம்.