புகையின் விலையும் தொழிலாளர் பயிற்சியும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்திற் பயிலும் எம்மை இம்மேடையில் நிறுத்தி, உலகம் வெப்பமடைதலைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். காற்றிற் காபனீரொட்சைட்டு எத்துணை கூடிற்று, கடல் எவ்வளவு உயரும் என்பன பற்றி எம்மினும் வல்லார் பலர் பேசியுள்ளனர். ஆதலின் யாம் வேறொன்றை எடுத்துக்கொண்டோம். புகையைக் குறைப்பதற்கென்று அரசுகள் பெரும்பணம் செலவிடுகின்றன. அப்பணத்தால் உண்டாகும் வேலை யார் கைக்குச் செல்கின்றது? இஃதே எமது பொருள். எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைக் கொள்வோம். இக்கேள்வியோடு நெடுங்காலம் மல்லாடிய இடம் அது.

அம்மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையில், றிச்மண்ட் என்றொரு நகரம் உண்டு. 1902ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே பெரியதோர் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் இருந்து வருகின்றது. அதனருகே குடியிருப்போருட் பலர் கறுப்பினத்தவர், ஸ்பானிய மொழி பேசுவோர், வறியவர். 2012 ஓகஸ்ட் 6ஆந் திகதி, அரித்துத் தேய்ந்த குழாயொன்று உடைந்து அந்நிலையம் தீப்பற்றிற்று. ஏறக்குறைய 15,000 பேர் மூச்சுத்திணறல், கண்ணெரிவு முதலிய உபாதைகளோடு வைத்தியசாலைகளை நாடினர். புகையை உண்டவர்கள் இவர்கள். புகையை ஒழிக்கும் வேலை வரும்போது அதன் கூலியும் இவர்களுக்கு வரவேண்டுமென்பது நியாயந்தானே?

அந்நகரசபை இதனை முன்னரே உணர்ந்திருந்தது. 2007ஆம் ஆண்டிலேயே 'றிச்மண்ட் பில்ட்' என்ற பெயரில் இலவசப் பயிற்சியொன்றைத் தொடங்கிற்று. தச்சுவேலை, கட்டிடவேலை, கூரையிற் சூரியத் தகடு பொருத்துதல் ஆகியன கற்பிக்கப்பட்டன. நகரில் வன்முறை மலிந்திருந்த காலம் அது. வேலை கிடைத்தால் இளைஞர் கை துப்பாக்கியை நாடாது என்பதும் நோக்கங்களுள் ஒன்று. சிறைவாசம் கழித்து மீண்டோருக்கும் அங்கே இடமிருந்தது.

ஆயினும் பயிற்சி என்பது வேலையன்று. இதை அமெரிக்கா மிகுந்த பொருட்செலவிற் கற்றுக்கொண்டது. 2009இல், பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, பசுமைத் தொழில்களுக்கு ஆட்களைப் பயிற்றுவதற்கென்று மத்திய அரசு 50 கோடி டொலரை ஒதுக்கிற்று. 2011இல் தொழில் திணைக்களத்தின் தலைமைக் கணக்காய்வாளர் அதனை ஆராய்ந்தார். ஏறத்தாழ 80,000 பேரை வேலையில் அமர்த்துவது குறிக்கோள். அதுவரை அமர்ந்தோர் 8,000 பேரளவில். திட்டம் முடியுமுன் எடுத்த கணக்கு அது என்பதையும் சொல்லிவிடவேண்டும். எனினும், கையிற் சான்றிதழோடு வீட்டுத் திண்ணையில் இருந்தவனுக்கு அச்சமாதானம் எவ்வளவு ஆறுதலளித்திருக்கும்? ஒன்றுங் கல்லாதவன் வேலையில்லை என்று வருந்துவான். கற்றுவிட்டு வேலையில்லாதவனோ, தான் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவான். அவ்வெண்ணம் தவறென்று எம்மாற் சொல்லமுடியவில்லை.

இனிக் கலிபோர்னியாவின் சட்டங்களைப் பார்ப்போம். 2006இல் புகைக்கு எல்லை வகுக்குஞ் சட்டம் பிறந்தது. 2012 நவம்பரில், புகைவிடும் உரிமைகளை அரசு ஏலத்தில் விற்கத் தொடங்கிற்று. ஆலைகள் கொடுக்கும் அவ்விலை ஒரு நிதியிற் சேர்கின்றது. அந்நிதியில் நூற்றுக்கு 25 வீதம், மாசும் வறுமையும் ஒருங்கே மிகுந்த வட்டாரங்களுக்குப் பயன்படவேண்டுமென்று 2012ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2016இல் வறிய குடும்பங்களையும் சேர்த்து அப்பங்கை 35 வீதமாக உயர்த்தினர்.

நல்ல சட்டம். ஆனால் வட்டாரத்துக்குப் பணம் வருவது வேறு, வட்டாரத்தாருக்கு வேலை வருவது வேறு. ஓர் ஏழையின் கூரையிற் சூரியத் தகடு ஏறலாம். அதை ஏற்றியவர்கள் வேற்றூரிலிருந்து குறைந்த கூலிக்கு வந்தவர்களாயிருக்கலாம். கணக்கேட்டில் அதுவும் அவ்வட்டாரத்துக்குக் கிடைத்த நன்மை என்றே பதியப்படும்.

2017இற் சட்டசபை இவ்விடயத்தைப் பற்றி அறிக்கை கேட்டது. பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்துத் தொழிலாளர் ஆய்வு நிலையத்தார் 2020இல் அதனை அளித்தனர். அவர்தம் கருத்து, எமக்கு விளங்கியவாறு, இது: ஆட்களைப் பயிற்றிவிட்டு வேலைக்காகக் காத்திருத்தல் போதாது, பொதுப்பணம் பெறும் ஒப்பந்தகாரர்மீதும் நிபந்தனை வைக்கவேண்டும். தகுந்த கூலி கொடு, தொழில் பயிலுநரைச் சேர், பின்தங்கிய வட்டாரத்தாரை எடு என்று பணத்தோடு கட்டுப்பாடும் செல்லவேண்டும். பெரிய சூரிய மின்னிலையங்களை தொழிற்சங்க உடன்படிக்கையோடு கட்டியபோது பயிலுநர் நல்ல சம்பளத்தோடு தொழில் கற்றனர். வீட்டுக்கூரை வேலையிலோ கூலி பெரும்பாலும் குறைவு.

பெரியோர்களுட் சிலர், "கூலியை உயர்த்தினால் அதே பணத்துக்குத் தகடுகள் குறையுமே" எனக் கேட்கலாம். குறையத்தான் செய்யும், மறைப்பதற்கில்லை. மலிவாகப் பொருத்திய தகட்டின் மிகுதிச் செலவை யாரோ ஒரு தொழிலாளியின் வீட்டு அடுப்பு தாங்குகின்றது என்பதே எமது விடை.

2022இல் மத்திய அரசும் இவ்வழியைப் பின்பற்றிற்று. பெரிய மின்னிலையம் கட்டுவோருக்கு வரிச்சலுகை முதலீட்டில் 6 வீதம். நிலவும் கூலியைக் கொடுத்து, வேலைநேரத்தில் குறித்த பங்கைப் பயிலுநருக்கும் அளித்தால் 30 வீதம். ஐந்து மடங்கு! 2024 முதல் தொடங்கும் கட்டிடவேலைகளுக்கு அப்பங்கு 15 வீதம். எந்த உபதேசத்தினும் இது முதலாளிமாருக்கு எளிதில் விளங்கியிருக்கும். ஆனால் 2025 யூலையில் வந்த புதிய சட்டம், காற்றுக்கும் சூரியனுக்குமான அச்சலுகையின் ஆயுளைக் குறுக்கிவிட்டது. சலுகை போனால் அதனோடு கட்டிய பயிற்சி நிபந்தனையும் போகும்.

மாநிலம் மட்டும் பின்வாங்கவில்லை. 2025 செப்டெம்பரில் தன் ஏலத்திட்டத்தை 2045ஆம் ஆண்டுவரை நீடித்தது. அடுத்த இருபதாண்டுகளும் அந்நிதிக்குப் பணம் வரும். ஒப்பந்தகாரர் கைக்கு அது போகும்போது எந்த நிபந்தனை கூடப்போகும் என்பதை, வரவுசெலவுத் திட்டந்தோறும் சட்டசபையார் கூடித்தான் தீர்க்கவேண்டியிருக்கின்றது.